கிட்டாரில் சத்தம் குறைந்தால்: பிக்கப் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு தேவாலய இசைக்குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் சனிக்கிழமை இரவு போன் செய்தார். “அண்ணா, கிட்டார்ல வால்யூமே பத்தல. கீபோர்டு சேந்துட்டா நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல. பிக்கப் மாத்திடலாம்னு இருக்கேன். எது நல்லது?” பிக்கப் என்பது எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே இருந்து அவற்றின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பாகம். மறுநாள் காலை ஆராதனை தொடங்கும் முன் போய்ப் பார்த்தேன். கிட்டாரைப் பையிலிருந்து எடுத்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. கம்பிகள் செம்பு நிறத்தில் பளபளத்தன. அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலக் கம்பிகளை யாரோ எலெக்ட்ரிக்கில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் பையில் இருந்த நிக்கல் கம்பி செட்டைப் போட்டோம். அன்று கிட்டார் கடைசி வரிசைவரை கேட்டது. பிக்கப்புக்கென்று அவர் எடுத்து வைத்திருந்தது இரண்டு மாதச் சேமிப்பு.

அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், விவேக்நகர் பக்கமிருந்து கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இதே முடிவோடுதான் வருகிறார்கள்: சத்தம் குறைவு, ஆகவே பிக்கப் போச்சு. ஆனால் கிட்டாரில் கடைசியாகக் கெடும் பொருள் பிக்கப்தான். அதில் அசையும் பாகமே கிடையாது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி, அவ்வளவுதான். திருகித் திருகித் தேய்வது வால்யூம் பாட், அதாவது வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் பாகம். தள்ளித் தள்ளித் தேய்வது, எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச். இழுபட்டுத் தளர்வது, கேபிளைச் சொருகும் ஜாக். மிதிபட்டு உள்ளே அறுவது கேபிள். அதனால் சோதனை வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். பிக்கப் வரிசையில் கடைசி.

சத்தம் போகும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எஃகுக் கம்பி அதிர்கிறது. கீழே உள்ள காந்தத்தின் புலம் அந்த அதிர்வுக்கேற்ப மாறுகிறது. காந்தத்தைச் சுற்றி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றாகச் சுற்றிய காயிலில் ஒரு சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. அது ஸ்விட்ச், வால்யூம் பாட், டோன் பாட், ஜாக், கேபிள் என்று ஒவ்வொன்றையும் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது ஆம்ப்புக்குப் போகிறது. சத்தம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் குறையைச் சரியாகச் சொல்லுங்கள்

“வால்யூம் கம்மி” என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லா ஸ்விட்ச் நிலையிலும் குறைவா, ஒரு நிலையில் மட்டுமா? எல்லாக் கம்பியும் குறைவா, ஒன்றிரண்டு மட்டுமா? திடீரென்று குறைந்ததா, நாளாக நாளாகக் குறைந்ததா? கேபிளை அசைத்தால் வந்து வந்து போகிறதா? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் குறைவு என்றால் கேபிளும் ஆம்ப்பும் நல்லவை. தவறு கிட்டாருக்குள் இருக்கிறது. கம்பிக்குக் கம்பி வித்தியாசம் என்றால் பிக்கப்பின் உயரம் அல்லது கம்பியின் வகை. வந்து வந்து போவது என்றால் லூஸ் கான்டாக்ட். எல்லா நிலையிலும் ஒரே மாதிரி குறைவு என்றால் அடுத்து வருவதைப் படியுங்கள்.

கிட்டாருக்கு வெளியே

வேறொரு கேபிளால், நடுவில் பெடல் (ஒலியை மாற்ற காலால் மிதிக்கும் கருவி) எதுவும் இல்லாமல், நேராக ஆம்ப்பில் மாட்டுங்கள். இரண்டே நிமிட வேலை. என்னிடம் வந்த “பிக்கப் கெட்டுப்போன” கிட்டார்களில் பல இந்த இடத்திலேயே குணமாகித் திரும்பியிருக்கின்றன. ஸ்பீக்கருக்கான கேபிளையும் கிட்டாருக்கான கேபிளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முனை ஒன்றுபோல இருந்தாலும் ஸ்பீக்கர் கேபிளில் சுற்றுக்கவசம் இருக்காது, இரைச்சலை இழுக்கும். கேபிள் நீளமும் முக்கியம். நீளம் கூடக்கூட மேல் ஸ்தாயியின் கூர்மை குறையும். சத்தம் குறைந்தது போலக் காதுக்குத் தோன்றும். உண்மையில் குறைந்தது பளிச்சென்ற தன்மை. அறைக்குள் வாசிக்க 3 மீட்டர் போதும், மேடைக்கு 6 மீட்டர்.

அடுத்தது ஆம்ப். சில ஆம்ப்களில் இரண்டு உள்ளீடு இருக்கும், ஒன்று உணர்திறன் குறைந்தது. அதில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பின்பக்கத்தில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளை இருந்தால், சிறிய கேபிள் ஒன்றால் அந்த இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று ஏறினால் ரிட்டர்ன் ஜாக்கின் உள்தொடுப்பு மங்கியிருக்கிறது என்று பொருள். யாரும் பயன்படுத்தாத ஜாக்தான் முதலில் மங்கும். மழைக்கால ஈரத்தில் பூட்டி வைத்த ஆம்ப்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பிளக்கைப் பத்து இருபது முறை போட்டு எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

ஆம்ப்பைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வால்வ் ஆம்ப்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். கிட்டாருக்குள் இருப்பது மில்லிவோல்ட் கணக்கு. அங்கே தாராளமாகக் கை வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பியைத் தொட்டதும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. கம்பிகள் எர்த்தோடு இணைந்திருப்பதால் அப்படி. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறதா? உடனே நிறுத்துங்கள். பழைய வீடுகளிலும் வாடகை அறைகளிலும் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்து அதைச் சரிசெய்யும்வரை அந்த இடத்தில் வாசிக்க வேண்டாம்.

கம்பிகள்

பிக்கப்புக்குக் காந்தம் இழுக்கும் உலோகம் மட்டும்தான் தெரியும். எலெக்ட்ரிக் கிட்டாரின் தடித்த கம்பிகளில் எஃகு நடுக்கம்பியின் மேல் நிக்கல் பூசிய எஃகு சுற்றியிருக்கும். இரண்டுமே காந்தத்துக்குப் பதில் சொல்லும். வெண்கலக் கம்பியில் சுற்றியிருப்பது செம்புக் கலவை. அதைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே உள்ள மெல்லிய எஃகு மட்டும் பேசும். அதனால் முதல் இரண்டு மெல்லிய கம்பிகள் பலமாகவும், சுற்றிய நான்கும் பலவீனமாகவும் கேட்கும். அந்த ஆஸ்டின் டவுன் கிட்டாரின் அடையாளமே அதுதான். கடையில் கேட்கும்போது “எலெக்ட்ரிக் செட்” என்று தெளிவாகக் கேளுங்கள். தடித்த கம்பி வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும்.

ஆக்டிவ் பிக்கப்பா? பேட்டரி

உங்கள் கிட்டாரின் பின்புறத்தில் சிறிய மூடி போட்ட 9 வோல்ட் பேட்டரிப் பெட்டி இருந்தால் அது ஆக்டிவ் வகை. சத்தம் குறைந்து, கொஞ்சம் கரகரவென்று உடைந்து கேட்டால் பேட்டரியை மாற்றிய பிறகே மற்ற சோதனைகளுக்குப் போங்கள். இந்தக் கிட்டார்களில் கேபிளைச் சொருகியதும் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும், எடுத்தால்தான் நிற்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றும் பழக்கம் இல்லாதவர்களுக்கு பேட்டரி நிலைக்காது.

திருகுகளும் ஜாக்கும்

இப்போது கிட்டாருக்குள் வருவோம். வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வந்தால், அல்லது ஓரிடத்தில் சத்தம் விழுந்து எழுந்தால், பாட்டின் உள்ளே தூசி. பின்மூடியைக் கழற்றி, பாட்டின் மூன்று கால்களுக்கு அருகே தெரியும் இடைவெளியில் எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முப்பது முறை திருகுங்கள். கான்டாக்ட் கிளீனர் என்று எழுதியதையே வாங்குங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான் வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும், அதில் இன்னும் தூசி ஒட்டும். ஸ்விட்சுக்கும் இதே மருந்துதான்.

ஜாக் தளர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் வெளியிலிருந்து நட்டை மட்டும் இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று ஈயம் வைத்த கம்பியை அறுத்துவிடும். ஜாக் தட்டைக் கழற்றி, ஒரு கையால் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நட்டை இறுக்குங்கள். பிளக்கின் முனையைத் தொடும் வளைந்த தகடு தளர்ந்திருந்தால் மெதுவாக உள்பக்கம் வளைத்துவிடுங்கள். ஈயம் வைத்த இடம் மங்கலாக, மணல்போலச் சொரசொரப்பாக இருந்தால் அது டிரை சால்டர். சூடாக்கி மீண்டும் வைக்க வேண்டும்.

இரண்டு வால்யூம் உள்ள லெஸ் பால் வகைக் கிட்டார் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு பிக்கப்புமே அடங்கிவிடும். அது பழுதல்ல, வயரிங் அப்படி. ஒரு மாலை முழுக்க இதைப் பழுது என்று நினைத்துத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வால்யூமை 10லிருந்து 8க்குக் கொண்டுவந்தால் எந்த மாற்றமும் இல்லை, 2க்கும் 1க்கும் நடுவில் திடீரென்று எல்லாம் போய்விடுகிறது என்றால், லீனியர் பாட் போட்டிருக்கிறார்கள். நம் காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஏற்றது லாக் பாட். ஆசியத் தயாரிப்புகளில் லாக் பாட்டுக்கு ‘ஏ’, லீனியருக்கு ‘பி’ என்று மதிப்பின் முன்னால் அச்சிட்டிருக்கும். சர்தார் பத்ரப்பா ரோட்டில், அதாவது நம் எஸ்.பி. ரோட்டில், வரிசையாக எலெக்ட்ரானிக் பாகக் கடைகள்தான். அங்கே போய்ச் சும்மா “பாட்” என்று கேட்டால் லீனியரை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. “ஐநூறு கே, லாக் பாட் இதெயா?” (இருக்கிறதா?) என்று கன்னடத்தில் முழுதாகக் கேளுங்கள். 500 இல்லாமல் 470 இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பாட்களின் மதிப்பே இருபது சதவீதம்வரை முன்பின் இருப்பதுண்டு. பழைய பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். தண்டின் பருமனும் பல்வரிசையும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் குமிழ் அதில் உட்காராது.

மல்டிமீட்டர் சொல்லும் உண்மை

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்பதை ஒரு மலிவு விலை டிஜிட்டல் மல்டிமீட்டர் சொல்லிவிடும். அதே எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும். கிட்டாரைத் திறக்கக்கூட வேண்டாம். நல்ல கேபிள் ஒன்றைக் கிட்டாரில் சொருகுங்கள். ஆம்ப் பக்கம் இருக்க வேண்டிய முனை உங்கள் கையில். வால்யூமும் டோனும் முழுதாக. மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முள்ளைப் பிளக்கின் நுனியிலும் இன்னொன்றைப் பிளக்கின் தண்டிலும் வையுங்கள். ஸ்விட்சை ஒவ்வொரு நிலையாக மாற்றி, வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்கிள் காயில் (ஒரே காயில் உள்ள பிக்கப்) என்றால் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை. பழைய பாணி ஹம்பக்கர் (இரண்டு காயில் சேர்ந்த பிக்கப்) என்றால் 7 முதல் 9 வரை. சூடான ஹம்பக்கர், அதாவது பலமான சிக்னல் தருவது, 13, 14, சில 16ஐயும் தொடும். வால்யூம் பாட்டும் இணையாகச் சேர்ந்து நிற்பதால் உண்மை மதிப்பைவிட ஒரு துளி குறைவாகவே காட்டும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு பிக்கப் சேரும் நிலையில் எண் பாதியாகும். 6ம் 6ம் சேர்ந்தால் 3. புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். இரண்டு காயில் இணையாகச் சேர்ந்தால் அப்படித்தான் வரும், சரியான அளவு அதுதான்.

இப்போது கவனிக்க வேண்டிய மூன்று விஷயம். எண் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட்: கேபிளில், ஜாக்கில், அல்லது வால்யூம் திறக்காமல் இருக்கிறது. ஒரு நிலையில் மட்டும் மீட்டர் அளவுக்கு மேல் போய்விட்டால், அளவை 2000 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள். அங்கே 250 அல்லது 500ஐ ஒட்டி ஓர் எண் வந்தால் நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டின் மதிப்பை மட்டும். பிக்கப் அந்தச் சுற்றிலேயே இல்லை. காயில் உள்ளே அறுந்திருக்கலாம், அல்லது பிக்கப்பிலிருந்து வரும் கம்பி ஈயத்தை விட்டு விலகியிருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம், அதனால் திறந்து கண்ணால் பாருங்கள். மூன்றாவது, எண் நன்றாக வருகிறது, சத்தம் மட்டும் குறைவு. அப்படியானால் பெரும்பாலும் பிக்கப் நலம். அடுத்த பகுதிக்குப் போங்கள். ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இரண்டு பிக்கப் சேரும் நிலையில் மட்டும் ஒலி மெலிந்து, வயிறு ஒட்டிப்போன மாதிரி இருந்தால், இரண்டும் எதிர் ஃபேஸில் வயர் செய்யப்பட்டிருக்கின்றன. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்து, அதன் மேல் ஸ்க்ரூடிரைவரின் இரும்பைச் சட்டென்று வையுங்கள். எண் ஒரு கணம் பிளஸ்ஸுக்கோ மைனஸுக்கோ துள்ளும். அடுத்த பிக்கப்பிலும் அதே அசைவு. திசை வேறுபட்டால், ஒன்றின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி ஈயம் வைத்தால் போதும். ஆனால் உலோக மூடியோ கவசக் கம்பியோ எர்த்தோடு ஒட்டியிருந்தால், அதைப் பிரித்த பிறகே மாற்ற வேண்டும்.

உயரம்: செலவில்லாத மருந்து

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். பிக்கப் மாற்றிவிட்டு வருகிற வித்தியாசத்தில் நல்ல பங்கு, உயரத்தைச் சரிசெய்தாலே கிடைக்கும். பிக்கப்பின் இருபுறமும் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் அது ஏறும், இறங்கும்.

கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் காந்தமுனைக்கும் உள்ள இடைவெளியை எஃகு ஸ்கேலால் அளக்க வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை சிங்கிள் காயிலுக்குத் தொடக்க அளவு: தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. ஹம்பக்கருக்கு பிரிட்ஜ் பக்கம் (கம்பிகள் உடலில் வந்து முடியும் இடம்) 1.6, நெக் பக்கம் (கழுத்தை ஒட்டியது) 2.4. இவை தொடக்கம் மட்டுமே. முடிவு உங்கள் காதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கால் திருகு மட்டும் திருகி, வாசித்துக் கேளுங்கள். நெக் பக்கம் கம்பி அகலமாக ஆடும், அதனால் அங்கே சத்தம் தானாகவே அதிகம்; பிரிட்ஜ் பக்கம் ஆட்டம் குறைவு, அதனால் அந்தப் பிக்கப் கம்பிக்கு நெருக்கமாக நிற்க வேண்டும். “பிரிட்ஜ் பிக்கப் வீக்கா இருக்கு” என்று வருபவர்களுக்கு நான் முதலில் செய்வது நெக் பிக்கப்பை இறக்குவது.

சத்தம் வேண்டும் என்று மட்டுமீறி ஏற்றாதீர்கள். சிங்கிள் காயிலின் காந்தக் கம்பங்கள் கம்பியையே இழுக்கும். மேல் ஃப்ரெட்களில் சுருதி நிற்காது, ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு ஸ்வரம் அடித்துக்கொள்வதுபோலக் கேட்கும், நாதம் சீக்கிரம் அடங்கும். அப்படிக் கேட்டால் இறக்குங்கள். ஒரு கம்பி மட்டும் குறைவு என்றால், ஹம்பக்கரில் அந்தக் கம்பிக்குக் கீழே உள்ள ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் உயர்த்தலாம். சிங்கிள் காயிலின் காந்தக் கம்பத்தைத் தட்டவோ அழுத்தவோ கூடாது. சில பிக்கப்களில் காயில் நேராக அந்தக் கம்பத்தின் மேலேயே சுற்றியிருக்கும். கம்பம் நகர்ந்தால் காயில் அறுந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகும் புதுசு வேண்டுமா

இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, காயில் உண்மையிலேயே அறுந்திருக்கிறது. இரண்டு, சத்தம் போதும், ஆனால் அந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்கவில்லை. “இன்னும் சத்தமா வேணும்” என்பது மூன்றாவது காரணம் அல்ல. சத்தத்தைக் கூட்டுவது ஆம்ப்பின் வேலை. சூடான பிக்கப் செய்வது வேறு: ஆம்ப்பின் முதல் கட்டத்தைச் சீக்கிரம் நிரப்பி, உடைந்த ஒலியை முன்கூட்டியே கொண்டுவரும். சுத்தமான ஒலிக்கு இருக்கும் இடம் அதனால் சுருங்கும்.

ஆகவே என்ன வாசிக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். மெல்லிசைக் குழுவில் சினிமாப் பாட்டுக்குப் பின்னணியாகக் கோர்டுகளைப் பிரித்து மீட்டுபவருக்கும், தேவாலயத்தில் டிலே (எதிரொலி எஃபெக்ட்) போட்டு வாசிப்பவருக்கும் மிதமான, தெளிவான பிக்கப்தான் பொருந்தும். இதே பெங்களூரில் பேலஸ் கிரவுண்ட்ஸில் 2007ல் அயர்ன் மெய்டனும் 2011ல் மெட்டாலிக்காவும் வாசித்தார்கள். அந்த வகை இசைதான் உங்கள் உயிர் என்றால் பிரிட்ஜில் சூடான ஹம்பக்கர் நியாயமான தேர்வு. இரண்டையும் வாசிப்பவர்களுக்கு என் ஆலோசனை: மிதமானதை வாங்குங்கள். மிதமான பிக்கப்பை ஒரு பெடலால் சூடாக்கலாம். சூடான பிக்கப்பைத் தெளிவாக்குவது கடினம்.

சிங்கிள் காயிலில் மணியோசை போன்ற தெளிவு இருக்கும், கூடவே மின்கம்பியின் இரைச்சலும் வரும். அந்த இரைச்சலை அடக்க கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களைச் சேர்த்தார். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959ல் கிடைத்தது. ஹம்பக்கர் பிறந்தது அப்படி. ஒலி தடிப்பாகும், உச்சியில் இருக்கும் மினுமினுப்பு கொஞ்சம் போகும். டியூப்லைட், மானிட்டர், சார்ஜர் எல்லாம் சூழ்ந்த சின்ன அறையில் வாசிப்பவர்களுக்கு அந்த அமைதி பெரிய நிம்மதி.

கிலோ ஓம் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இன்னும் மெல்லிய கம்பியால் சுற்றினால் சுற்று கூடாமலே எண் ஏறும். ஒரே வகை, ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். செய்மோர் டங்கனின் ஜேபி 16ஐ ஒட்டியும், டிமார்ஸியோ 1972ல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் 14ஐ ஒட்டியும் காட்டும். அதற்காக முதலாவது அதிகப் பலம் என்று ஆகிவிடாது. காந்தத்தின் வகையும் பேசும். அல்நிகோ 2 மென்மை, அல்நிகோ 5 சற்றே இறுக்கமும் பளிச்சும், செராமிக் கூர்மையும் பலமும். இவை பொதுவான சாயல்கள்தான். சுற்றும் விதம் இவற்றைத் தலைகீழாக்கவும் கூடும். முடிந்தால் அதே பிக்கப் உள்ள கிட்டார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, உங்கள் ஆம்ப்பில் மாட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் அளக்க வேண்டியது ஒன்று உண்டு, பலர் இதில்தான் பணத்தை இழக்கிறார்கள். பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் முதல் கம்பியின் நடுவிலிருந்து ஆறாம் கம்பியின் நடுவுக்கு எத்தனை மி.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். 50ஐ ஒட்டி இருந்தால் சாதாரண அளவு. 52, 53 என்றால் அகல அளவு என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவு விலைக் கிட்டார்களின் சிங்கிள் காயில் அளவுகள் மாறுபடும், மூடி பொருந்தாமல் போகும். குழியின் ஆழத்தையும் பாருங்கள்.

பாட்டும் பொருந்த வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரை 250ல் மாட்டினால் போர்வை போர்த்திய மாதிரி இருக்கும். பிக்கப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள். ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம். அதற்கு மாறினால் பாட், ஜாக் எல்லாம் மாற்ற வேண்டும், பேட்டரிக்கு இடமும் வேண்டும். முதல் மாற்றமாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நடு சிங்கிள் காயிலை மட்டும் மாற்றுபவர்கள், பழையது எதிர்ச்சுற்று வகையா என்று தெரிந்து அதையே வாங்குங்கள். இல்லையென்றால் சேர்ந்த நிலைகளில் இருந்த அமைதி போய்விடும்.

கிட்டாரின் விலையையும் மனதில் வையுங்கள். தொடக்கநிலைக் கிட்டாருக்கு ஒரு ஜோடி அமெரிக்கப் பிக்கப் போடுகிற செலவில், இன்னொரு நல்ல பழைய கிட்டாரே அமையக்கூடும். கழுத்து நேராக, ஃப்ரெட் நன்றாக, சுருதி நிற்கும் கிட்டாருக்கு மட்டும் பிக்கப் செலவு செய்யுங்கள்.

மாட்டும் வேலை

25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், நிப்பர், நல்ல வெளிச்சம். எதையும் தொடும் முன் உள்பகுதியை நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். கிட்டாரின் மேல் பழைய துணியை விரித்து மூடுங்கள். ஈயத்துளி தெறித்தால் பெயின்ட் போய்விடும். பாட்டின் முதுகில் எர்த் கம்பியை வைக்க அதிகச் சூடு தேவைப்படும், அந்த இடத்தை முதலில் மெல்லிய உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டால் ஈயம் சீக்கிரம் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகர வேண்டாம், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

நான்கு கம்பி ஹம்பக்கரில் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செய்மோர் டங்கனில் கறுப்பு ஸ்விட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர்ந்து டேப் சுற்றி ஓரமாக, பச்சையும் மூடாத கம்பியும் எர்த்துக்கு. டிமார்ஸியோவில் சிவப்பு ஸ்விட்சுக்கு, கறுப்பும் வெள்ளையும் தங்களுக்குள், பச்சையும் மூடாத கம்பியும் எர்த்துக்கு. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றை மாட்டினால் சத்தம் மெலிந்தோ அறவே இல்லாமலோ போகும். புது பிக்கப் கெட்டது என்று திருப்பி அனுப்பப்படுவதில் இந்தத் தவறும் உண்டு.

கம்பிகளைக் கட்டும் முன் கேபிளைச் சொருகி மீட்டரில் எண்ணைப் பாருங்கள். பிறகு ஆம்ப்பை மெதுவாக வைத்து, ஒவ்வொரு ஸ்விட்ச் நிலையிலும் காந்தமுனையை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டுங்கள். எந்தப் பிக்கப்பில் ‘டொக்’ கேட்க வேண்டுமோ அதில் கேட்டால் மூடியைப் போட்டுக் கம்பி கட்டலாம். பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பிகளை நீளமாக விட்டு, நெக்கா பிரிட்ஜா என்று எழுதிய சீட்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் அதையே திரும்ப மாட்டிவிட்டு, புதியதை அடுத்த கிட்டாருக்குக் கொண்டுபோகலாம். ஒரு வாரம் வாசித்த பிறகு, வழக்கமாக நீங்கள் வாசிக்கும் இடத்தில், குழுவோடு சேர்ந்து வாசிக்கும் சத்தத்தில், உயரத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து அந்த மி.மீ. அளவுகளையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.